பிஜித் தீவுப் பாட்டில் நான்கு 'விம்மி' எதற்கு? (விவாத இழை)

நிரையசை

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிஜியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த இந்தியப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டை அடுத்த வாரம் கருத்தரங்கில் எடுத்துப் பேச வேண்டும். ஊர் ஏக்கம் பாட்டின் யாப்பில் எங்கே தெரிகிறது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. மூன்றாவது சரணத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நாட்டை நினைப்பாரோ? - எந்த
நாளினிப் போயதைக் காண்பதென்றே அன்னை
வீட்டை நினைப்பாரோ? - அவர்
விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல்
கேட்டிருப்பாய் காற்றே! - துன்பக்
கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல்
மீட்டும் உரையாயோ? - அவர்
விம்மி யழவும் திறங்கெட்டும் போயினர்

அசை பிரித்துப் பார்த்தேன். நீண்ட அடிகள் பெரும்பாலும் நாலு சீரில் நிற்கின்றன. 'விம்மி' அடி மட்டும் தேமா, தேமா, தேமா, கூவிளங்காய் என்று போய், கடைசியில் 'குரல்' தனியாகத் தொங்குகிறது. "சந்தத்தை நிரப்பப் போட்டது, இரண்டு விம்மியே போதும்" என்கிறாள் தோழி. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. யாராவது கை கொடுங்கள்.

ஒருவரி

அழுகிறவளைப் பிடித்து உட்காரவைத்து "எத்தனை தடவை விம்மினாய்?" என்று கேட்பது யாப்பு படித்தவர்களால் மட்டும்தான் முடியும்.

புதுவை வாத்தியார்

அம்மா நிரையசை, யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூலைப் படித்துவிட்டுச் சிந்து என்ற இசைப்பாட்டுப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம்தான் இது. நேர், நிரை, தேமா, புளிமா எல்லாம் வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும். சிந்து தாளத்துக்குப் பிறந்தது. இரா. திருமுருகன் சிந்துக்கு இலக்கணம் வகுத்தபோது இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். உயிரும் உயிர்மெய்யும் எண்ணிக்கையில் வரும், ஒற்று வராது. குறிலா நெடிலா என்ற கேள்வியும் அந்தக் கணக்குக்கு இல்லை. மூன்று எழுத்துக்கு ஒரு சீர் என்றால் மும்மை நடை, நான்கு என்றால் நான்மை நடை. பல்லவி, சரணம் என்று போட்டிருப்பதால் இதைக் கீர்த்தனை என்பாரும் உண்டு. பெயர் எதுவானாலும் சரணத்தின் உடம்பு சிந்துதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள்:

கால்களும் | கைகளும் | சோர்ந்துவி | ழும்படி
மாதர்தம் | நெஞ்சுகொ | தித்துக்கொ | தித்துமெய்
நாளினிப் | போயதைக் | காண்பதென் | றேஅன்னை
கேணியி | லேஎங்கள் | பெண்கள்அ | ழுதசொல்

சீருக்கு மூன்று, அடிக்குப் பன்னிரண்டு. உங்களை மிரட்டிய அடியும் அதே பன்னிரண்டுதான்:

விம்மிவிம் | மிவிம்மி | விம்மிய | ழுங்குரல்

எதுவும் தொங்கவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் ஓர் எழுத்து கூடி வரும் ("தெய்வமே! - நினது" என்ற இடத்தைப் பாருங்கள்), பாடுகிறவர் வாயில் அது கரைந்துவிடும்.

தலைப்பு ஊர் ஏக்கம் என்றால் உங்களுக்கு வேண்டியது எதுகையிலும் கிடக்கிறது. முதல் சரணத்தில் கரும்பு, வருந்து, சுருங்கு, மருந்து. இரண்டாவதில் பெண், எண்ணம், மண், கண். நான்காவதில் நெஞ்சம், பஞ்சை, தஞ்சம், மிஞ்ச. எல்லாமே குறிலில் தொடங்கி மெல்லெழுத்தில் அடங்கும் ஓசை. மூன்றாவதில் மட்டும் நாட்டை, வீட்டை, கேட்டு, மீட்டும். நான்கும் நெடில், நான்கிலும் நெடிலை அடுத்து வல்லெழுத்து இரட்டிக்கிறது. இழுத்துக்கொண்டே போய் 'ட்ட' என்று முட்டும் ஓசை வீட்டை நினைக்கிற அந்த ஒரு சரணத்தில்தான். மற்ற மூன்றிலும் தேடிப் பாருங்கள், ஒரு நெடில் எதுகைகூடக் கிடைக்காது.

தொப்பி_தட்டு

வாத்தியார் ஐயா கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். நான் மிருதங்கக்காரன், கணக்கு எப்படி விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாட்டுக்கு மேலே ஸைந்தவி ராகம், திஸ்ர சாபு என்று போட்டிருக்கும். மூன்றை ஒன்றும் இரண்டுமாக உடைக்கிற தாளம். வாத்தியார் கோடு போட்ட ஒவ்வொரு சீரும் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. எழுத்துக்கு ஓர் எண்ணிக்கை.

'விம்மி' இரண்டெழுத்துச் சொல். மூன்றில் ஓடுகிற தாளத்தின் மேல் இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? முதல் விம்மி சமத்தில், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கையில் விழும். இரண்டாவது விம்மி மூன்றாம் எண்ணிக்கையில் தொடங்கி அடுத்த ஆவர்த்தனத்துக்குள் கால் வைக்கும். மூன்றாவது இரண்டாம் எண்ணிக்கையில் எழும்பும். நான்காவது மறுபடியும் சமத்துக்கு வந்து சேரும். ஆறு எண்ணிக்கைக்குள் தாளம் இரண்டு முறை சுற்றும், சொல் மூன்று முறை. அதற்குப் பிறகுதான் இரண்டும் சந்திக்கும்.

தோழியிடம் சொல்லுங்கள். இரண்டு விம்மியோடு நிறுத்தினால் தாளத்தை விட்டு விலகிய குரல் திரும்பி வராது. மூன்றோடு நிறுத்தினால் அழுங்குரல் என்பது அழுகையோடு ஒட்டாமல் புதிதாகத் தொடங்கும். நான்காவது சமத்தில் விழுந்து, "யழுங் குரல்" என்பதைக் கையோடு பிடித்துக்கொண்டு அடியை முடிக்கிறது. கச்சேரியில் நாங்கள் பழகிப் பழகி வைக்கிற கணக்கு இது. அவர் ஒரே சொல்லைத் திருப்பிப் போட்டு வைத்துவிட்டார்.

வாயால் சொல்லிப் பார்த்தாலே தெரியும். தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு 'விம்மி விம்மி' சொல்லுங்கள். மூச்சு இடறும்.

நிரையசை

அண்ணா, தட்டிப் பார்த்தேன். விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். நான்காவது சரணத்தில் "மடிந்து மடிந்து மடிந்தொரு" என்று மூன்று முறை வருகிறதே, அதுவும் இதே வேலையா?

தொப்பி_தட்டு

இல்லை, நேர் எதிர். கோடு போடுங்கள்:

பட்டும | டிந்தும | டிந்தும | டிந்தொரு

'மடிந்து' மூன்றெழுத்து. தாளமும் மூன்று. 'ம' எடுப்பாக முன்னால் நிற்க, 'டிந்' ஒவ்வொரு முறையும் சமத்திலேயே விழுகிறது. விலகல் கிடையாது, இடறல் கிடையாது. முதல் சரணத்துக் "கொதித்துக் கொதித்து" என்பதும் இந்த வகைதான். செத்துப்போவது தாளத்தோடு நடக்கிறது, வேலை நடப்பதுபோல. வீட்டை நினைத்து விம்முவது ஒன்றுதான் தாளத்தை மீறுகிறது.

இதற்கு மேல் பொருள் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. காதில் விழுவதைச் சொன்னேன்.

ஒருவரி

மிருதங்கத்துக்குப் படிப்பு போதாதென்றால் நாங்களெல்லாம் எங்கே போவது?

கரிசல் வாசகி

கணக்கெல்லாம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டில் அந்தப் பெண் எங்கே?

"நாட்டை நினைப்பாரோ?" என்று கேட்கிறார் கவிஞர். நினைக்கிறாளா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. காற்றைக் கேட்கிறார். நாலு சரணம் முழுக்க அவர், அவர், அவர்தான். ஒரு பெண்ணும் வாய் திறப்பதில்லை. ஒரு பெயர்கூட இல்லை. நான்காவது சரணத்தில் துயரமெல்லாம் கற்பில் போய் நின்றுவிடுகிறது. தேசத்தின் மானம் போகிறதே என்ற ஆணின் பதற்றம்தான் அங்கே கேட்கிறது. அந்த நான்கு விம்மியும் பாரதியின் விம்மல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அவளுடையது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1913-இல் பிஜியில் குந்தி என்ற பெண் ஓவர்சீயரிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்தார், உயிர் பிழைத்தார். நடந்ததை அவர் சொல்ல, அது இங்கே பத்திரிகையில் வந்து ஊரே கொதித்தது. அந்தப் பெண்களுக்கு வாய் இருந்தது. "விம்மி யழவும் திறங்கெட்டும் போயினர்" என்று இவரே அவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்.

நாந்திப் பேரன்

நான் பிறந்தது பிஜியில், நாந்திக்குப் பக்கத்தில். இப்போது இருப்பது ஆக்லாந்து. என் தமிழ் பெரியவனான பிறகு படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டியின் அம்மா மதராஸில் கப்பல் ஏறியவர்.

பாட்டு பேசுகிற காலம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1879-இல் லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் ஆட்களை இறக்கியது. 1916 வரை 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். மதராஸிலிருந்து ஆள் பிடிக்கத் தொடங்கியது 1903-இல். நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த நாற்பதைத் தேற்றுவதற்கு ஆள்பிடிக்கிறவர்கள் கோயில் வாசல், ரயிலடி என்று அலைந்தார்கள். தனியாகப் பிரிந்து வந்த பெண்கள், விதவைகள், வீட்டில் சண்டை போட்டு வந்தவர்கள் மாட்டினார்கள். ஒப்பந்தத்துக்கு எங்கள் ஊரில் கிர்மிட் என்று பெயர். கிர்மிட்டில் எழுதியபடி ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் அளந்து கொடுத்த வேலையை முடித்தால்தான்.

"எந்த நாளினிப் போயதைக் காண்பது" என்ற அடியை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இது. அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருந்தது. ஐந்து வருஷம் முடிந்தால் சொந்தக் காசில் திரும்பலாம், பத்து வருஷம் ஆனால் சர்க்கார் செலவில் திரும்பலாம். ஒன்பது பென்ஸில் சாப்பிட்டு மிச்சம் பிடித்து ஐந்தாம் வருஷம் கப்பல் ஏறுவது என்பது நடக்கிற காரியமா? பத்தாம் வருஷம் கையில் பிள்ளைகள் இருக்கும். எங்கள் பூட்டி போகவில்லை.

கரிசல் வாசகி அக்கா சொன்னதில் ஒன்றுக்கு ஆமாம் போடுகிறேன். எங்கள் பெண்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1920-இல் சுவாவில் நடந்த வேலைநிறுத்தத்தில் பெண்கள் முன்னால் நின்றார்கள். அப்புறம், எங்கள் தீவைக் "கண்ணற்ற தீவு" என்று அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

பழம்புத்தகக் கடை

ஒப்பந்தக் கூலியை அடிமை என்றே பலர் சொல்கிறார்கள், அது மிகையில்லையா? கையெழுத்துப் போட்டுத்தானே போனார்கள்.

நாந்திப் பேரன்

கைநாட்டு. வேலைக்குப் போகவில்லை என்றால் அது குற்றம், அபராதம் உண்டு, ஜெயில் உண்டு. அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனாலும் அப்படித்தான். சங்கிலி இல்லை, விலைக்கு விற்கவில்லை, காலக்கெடு இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் வரிசைக் கொட்டடியில் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ராத்திரியில் அந்த வித்தியாசம் எவ்வளவு உதவியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

புதுவை வாத்தியார்

'கண்ணற்ற தீவு' பற்றி. பெண், எண்ணம், மண் என்று வந்துவிட்டது, நான்காவதாகக் 'கண்' வந்தே தீர வேண்டும். எதுகை இழுத்துக்கொண்டு வந்த சொல் என்றே நானும் நினைக்கிறேன். மோனையும் பிடித்துக்கொண்டது: கண்ணற்ற, காட்டினில். அவர் பிஜியைப் பார்த்ததில்லை. 1908 முதல் 1918 வரை எங்கள் புதுச்சேரியில் இருந்தவர், எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் போலீஸ் பிடிக்கும் என்ற நிலை. ஊருக்குத் திரும்ப முடியாதவர் என்ற வகையில் அந்த 'எந்த நாள்' அவருக்கும் தெரிந்த கேள்விதான் என்று இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இதற்கு மேல் போனால் வாழ்க்கை வரலாறாகிவிடும்.

கரிசல் வாசகிக்கு. "தெரியாது" என்று நீங்கள் குறையாகச் சொன்னதுதான் அந்தச் சரணத்தின் ஓசையையே உண்டாக்குகிறது. குட்டை அடிகளை எண்ணிப் பாருங்கள். "வருந்துகின்றனரே" ஏழெழுத்து. "சுருங்குகின்றனரே" ஏழு. "நெஞ்சம் குமுறுகிறார்" ஏழு. மூன்றாவது சரணத்தில் "நாட்டை நினைப்பாரோ" ஆறு, "வீட்டை நினைப்பாரோ" ஆறு, "கேட்டிருப்பாய் காற்றே" ஆறு, "மீட்டும் உரையாயோ" ஆறு. நான்கு குட்டை அடியும் ஆறாகவே நிற்பது இந்தச் சரணத்தில் மட்டும்தான். எழுத்து குறைந்தால் பாடகர் கடைசி நெடிலை நீட்டித்தான் இடத்தை நிரப்ப வேண்டும். நீட்டுகிற அந்த எழுத்து என்ன? ரோ, ரோ, றே, யோ. வினா ஓகாரம் மூன்று, விளி ஏகாரம் ஒன்று. அவருக்குத் தெரியாமல் போனதால்தான் அந்த ஓகாரமே வந்தது. தெரிந்தவர்போல "நினைக்கிறார்" என்று முடித்திருந்தால் 'ர்' என்று மெய்யில் அடைத்துப்போயிருக்கும், நீட்ட வழியில்லை.

பெரட்டுக்களம்

இலங்கையில ஹட்டன் பக்கம் இருந்து எழுதுறேன். இவ்வளவு நேரமா வாசிச்சிட்டு இருந்தேன், கரிசல் அக்கா கேட்ட கேள்விக்காகத்தான் வாரேன்.

பொம்பள வாயால வந்த ஊர் நினைப்பு எப்படி இருக்கும்னு கேட்டா, எங்க மலையில ஒரு பாட்டு இருக்கு. இங்க கோப்பித் தோட்டம் இருந்த காலத்துல இருந்து வருதுன்னு சொல்லுவாங்க:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நாமறந்தேன்

யார் கட்டினதுன்னு இல்ல. இதுல காற்று இல்ல, காளி இல்ல, 'அவர்' இல்ல. 'ஏன்' 'ஏன்'னு முடியிறதெல்லாம் நான், நான், நான்.

வாத்தியார் ஐயா, உங்க கணக்குல போட்டுப் பாத்தேன். ஏழு, எட்டு, ஏழு, எட்டு வருது. சரியா?

புதுவை வாத்தியார்

சரி தாயே, அப்படியே சரி. ஊரான, பேரான என்று எதுகை. ஊரான, ஒத்தப்பனை என்று மோனை. பேரான, பெத்த என்று மோனை. காரிகையைக் கண்ணால் பார்க்காதவர்கள் கட்டிய பாட்டில் ஒரு இடம் தவறவில்லை.

கரிசல் வாசகி

இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி தங்கச்சி.

திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். இழந்தேன், இழந்தேன் என்று இரண்டு முறை. மூன்றாவது அடியில் 'கண்டியிலே' என்று வினையே இல்லாமல் விட்டுவிடுகிறாள். நான்காவதில் அதே வாய்பாட்டில் வந்து மறந்தேன் என்கிறாள். காது இன்னொரு 'இழந்தேன்'தான் வரும் என்று காத்திருக்கிறது. ஊரையும் தோப்பையும் இழந்தது அவளுக்கு நேர்ந்தது. தாயை மறந்தது அவள் செய்ததாகச் சொல்கிறாள். தன் மேலேயே பழி போட்டுக்கொள்கிற அந்த இடம், வெளியே நின்று பரிதாபப்படுகிற கவிஞருக்குக் கிடைக்கவே கிடைக்காது. நாலு விம்மி போட்டாலும் கிடைக்காது.

பழம்புத்தகக் கடை

ஒரு ஒப்பீடு. அமெரிக்காவில் விட்டியர் என்ற கவிஞர் 1838-இல் ஒரு பாட்டு எழுதினார். வர்ஜீனியாவில் அடிமையாக இருக்கும் ஒரு தாய், தெற்கே விற்கப்பட்ட தன் மகள்களை நினைத்துப் புலம்புகிறாள். ஒவ்வொரு பத்தியும் "போனார்கள், போனார்கள், விலைபோனார்கள், அந்தச் சதுப்புநில நெல்வயலுக்கு" என்ற பொருளில் தொடங்கும், முடியும்போதும் அங்கேயே வந்து நிற்கும். இங்கே கரும்புத் தோட்டம், அங்கே நெல்வயல். எதைப் பற்றிப் பேசினாலும் பல்லவி மறுபடி அந்த வயலுக்கே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். இங்கிலீஷில் அழுத்தம்தான் கணக்கு, எழுத்து இல்லை. ஆனாலும் அந்த முதல் 'போனார்கள், போனார்கள்' இரண்டு அழுத்தமாக விழும், நடுவில் எதுவும் இல்லாமல்.

கரிசல் வாசகி கவனிக்க வேண்டியது: அங்கே தாய் 'நான்' என்றுதான் பேசுகிறாள். எழுதியவர் மாசசூசெட்ஸ் வெள்ளைக்காரர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 'நான்' என்று வந்துவிட்டதால் அது அவள் குரலாகிவிடுமா?

கரிசல் வாசகி

ஆகாது. நல்ல இடத்தில் பிடித்தீர்கள்.

அப்படிப் பார்த்தால் பாரதி அவளுடைய 'நான்' என்பதை எடுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். எனக்கு எட்டவில்லை, காற்றே நீ சொல் என்று நிறுத்திக்கொண்டார். கற்பு சரணத்தில் எனக்கு இருக்கிற சண்டை அப்படியே இருக்கிறது.

தொப்பி_தட்டு

பல்லவி இழுத்துக்கொண்டு போய் விடுகிறது என்று கடைக்காரர் சொன்னது பற்றி. முதல் இரண்டு சரணத்தின் முடிவில் 'அந்தக்' என்ற சொல் நிற்கும். "ஏங்குகின்றார், அந்தக்... கரும்புத் தோட்டத்திலே", "புழுங்குகின்றார், அந்தக்... கரும்புத் தோட்டத்திலே". பல்லவிக்குள் போக வழுவழுப்பான வழி. மூன்றாவதில் அந்த 'அந்தக்' இல்லை. "திறங்கெட்டும் போயினர்" என்று வாக்கியம் முடிந்துவிடுகிறது, முடிந்த பிறகு பல்லவி வந்து மோதுகிறது. வீட்டை நினைத்துக்கொண்டிருந்தவளை யாரோ அதட்டிக் கூப்பிட்டதுபோல எனக்கு அது கேட்கும்.

நான்காவதில் இன்னும் வேடிக்கை. "வீரக | ராளிசா | முண்டிகா | ளி" என்று பத்தெழுத்தோடு நின்றுவிடும். 'அந்தக்' இருந்திருக்க வேண்டிய இரண்டு எண்ணிக்கையும் காலி.

நிரையசை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நானாகவும் ஒன்று பார்த்தேன், சொல்லலாமா?

குட்டை அடிக்குப் பிறகு கோடு போட்டு ஒரு தனிச்சொல் வருகிறதே: அவர், ஹிந்து, ஒரு, செக்கு, அந்த, தெற்கு, தனி, எந்த, துன்ப... இவை எல்லாமே அடுத்த அடியைத் தொடங்கிவைக்கிற சொற்கள். ஆனால் பல்லவியில் முதல் தனிச்சொல் 'ஆ!'. பாட்டின் கடைசித் தனிச்சொல் 'ஹே!'. இரண்டும் வெறும் கூவல். தோட்டத்தைப் பார்த்ததும் ஒன்று, காளியைக் கூப்பிடும்போது ஒன்று. நடுவில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள்கூட வாய் திறந்ததும் மூடும்போதும் இப்படி ஓர் ஓசைதானே போடுவோம் என்று தோன்றியது. இதை எழுதினால் பேராசிரியர் சிரிப்பாரா?

புதுவை வாத்தியார்

பேச்சு, ஒரு மணி நேரம் என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். 'ஆ', 'ஹே' இரண்டும் தனிச்சொல்லின் இடத்தில் நிற்கின்றன என்பதை மட்டும் எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். கூடவே மோனையையும் ஒரு பத்தியில் காட்டுங்கள். நாலு சரணத்திலும் இரண்டு இரண்டு அடியாக எடுத்தால் பதினாறு இணை. பதினாறிலும் மோனை இருக்கிறது. வருந்து-மாதர், சுருங்கு-துன்பத்தை, மீட்டும்-விம்மி, தஞ்சம்-சாகும், மிஞ்ச-வீர என்ற ஐந்தும் இன மோனை. வகரமும் மகரமும், சகரமும் தகரமும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும். மற்றவை நேர் மோனையாகவே அமைந்துவிட்டன. கொதித்துப்போய் எழுதியவர் ஒரு கட்டுக்கூட அவிழவிடவில்லை. உணர்ச்சி பொங்கும்போது யாப்பு தளரும் என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ஒருவரி

நான் சொல்வதாக இருந்தேன். விட்டுவிடுகிறேன்.

நாந்திப் பேரன்

ஒரு உதவி வேண்டும். பிஜியில் 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அங்கே இருக்கும் என் உறவுக்காரர் ஒருவர் மே மாதம் கிர்மிட் நாளுக்குப் பிள்ளைகளை வைத்து இந்தப் பாட்டைப் பாடவைக்கப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு வீட்டில் ஹிந்தியும் இங்கிலீஷும்தான், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். மூன்றாவது சரணம் மட்டும் போதும் என்கிறார். விம்மி அடியில் எல்லோரும் தாளத்தை விட்டுவிடுகிறார்களாம்.

தொப்பி_தட்டு

தாளத்தை விடத்தான் செய்வார்கள், அங்கேதான் பாட்டே இருக்கிறது. இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கட்டும். ஒரு பாதி பாட வேண்டாம், மூன்று மூன்றாகக் கையை மட்டும் தட்டட்டும், முதல் தட்டு பலமாக. இன்னொரு பாதி தட்ட வேண்டாம், பாடட்டும். பாடுகிறவர்கள் 'விம்' என்ற எழுத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டும், தட்டுகிறவர்கள் அதைக் காதில் வாங்கவே கூடாது. நான்காவது 'விம்'மில் இரண்டு கூட்டமும் தானாகச் சேரும், சேர்ந்ததும் பிள்ளைகளே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலில் வேகமில்லாமல், ஒரு எழுத்துக்கு ஒரு விநாடி வைத்துக்கொண்டு பழகச் சொல்லுங்கள்.

"காற்றே" என்ற இடத்தில் 'றே' என்பதை அடுத்த தனிச்சொல் வரும் வரை நீட்ட வேண்டும், அவசரப்பட்டுத் 'துன்ப' என்று தாவினால் அடுத்த அடியே சரிந்துவிடும்.

பெரட்டுக்களம்

நாந்தி அண்ணே, பிள்ளைகளுக்கு எங்க 'ஊரான ஊரிழந்தேன்' பாட்டும் குடுங்க. நாலே வரி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் வாயில நிக்கும். மெட்டு நான் போன்ல பாடி அனுப்புறேன். 'கண்டியிலே'ன்னு வர்ற இடத்துல உங்க ஊர் பேரைப் போட்டுக்கலாமான்னு வாத்தியார் ஐயாவைத்தான் கேக்கணும், எழுத்துக் கணக்கு ஒத்து வரணுமே.

புதுவை வாத்தியார்

'கண்டியிலே' நான்கெழுத்து. 'பிஜியிலே' அதுவும் நான்கு. தாராளமாகப் பொருந்தும். 'பேரான' அப்படியே இருக்கட்டும், அதைத் தொட்டால் ஊரானோடு எதுகை போய்விடும்.